புள்ளிவலையில் கனக் குவார்க்குகள்: கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

என் மேசைமேல் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. பக்கத்துக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இடப்பக்கம் ‘கணக்கு சொன்னது’ என்றும் வலப்பக்கம் ‘சோதனை கண்டது’ என்றும் தலைப்பு எழுதியிருக்கிறேன். இந்த நோட்டில் ஒரு வரி ஏற வேண்டுமானால் நிபந்தனை ஒன்றுதான்: இடப்பக்கத்து எண் வெளியான தேதி, வலப்பக்கத்து எண்ணின் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். துகளைக் கண்டுபிடித்த பிறகு அதற்கு விளக்கம் எழுதுவது ஒரு வேலை. கண்டுபிடிக்கும் முன்பே அதன் நிறையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது வேறு வேலை. பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்தே இந்த இரண்டாவது வேலையின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

நோட்டில் உள்ள வரிகளில் பெரும்பாலானவை ஒரே துறையிலிருந்து வந்தவை. வெளியையும் காலத்தையும் ஒரு புள்ளிவலையாக்கி, அதன்மேல் குவார்க்குகளை ஓடவிட்டு, கணினியில் துகள்களின் குணங்களைக் கணக்கிடும் துறை அது. ஆய்வாளர்கள் பேச்சில் ‘லாட்டிஸ்’. அதிலும் சார்ம், பாட்டம் என்ற இரண்டு கனமான குவார்க்குகளைக் கொண்ட துகள்களைப் பற்றிய கணிப்புகள்தாம் என் நோட்டை நிரப்பியவை. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

குவார்க்குகள் ஆறு வகை. அப், டவுன் இரண்டும் மிக இலேசானவை. ஸ்ட்ரேஞ்ச் நடுத்தரம். சார்ம், பாட்டம், டாப் மூன்றும் கனமானவை. துகள் இயற்பியலில் நிறையை ஆற்றல் அலகிலேயே சொல்வது வழக்கம். மெகா எலெக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக எம்.இ.வி. புரோட்டானின் நிறை 938 எம்.இ.வி. அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டிப் பார்த்தால் பத்துகூட வராது. மீதி அத்தனையும் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வன்விசையின் ஆற்றல். சார்ம் அப்படியல்ல, அது ஒன்றே சுமார் 1,270 எம்.இ.வி. பாட்டம் சுமார் 4,180. சார்ம் 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரண்டு ஆய்வுக்கூடங்களில் ஒரே சமயத்தில் வெளிப்பட்டது. பாட்டம் 1977இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில். 1995இல் வந்த டாப், வேறு குவார்க்கோடு சேர்ந்து ஒரு துகளாவதற்குள்ளேயே சிதைந்துவிடும். ஆகவே அதை இங்கே விட்டுவிடலாம்.

இந்தத் துகள்களின் நிறையைத் தாளில் பேனாவால் கணக்கிட முடியாதா? முடியாது. மிகக் கிட்டத்தில் வன்விசை தளர்ந்திருக்கும் என்பதை 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்ஸர் மூவரும் காட்டினார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கே படிப்படியாகத் திருத்தம் சேர்க்கும் கணக்கு செல்லுபடியாகும். ஆனால் ஒரு புரோட்டானின் அகலத்துக்கு வந்தால் விசை இறுகிவிடுகிறது. ஒவ்வொரு திருத்தமும் முந்தைய திருத்தத்தைவிடப் பெரிதாக வந்து நிற்கும். அந்த முட்டுச்சந்தில் 1974ஆம் ஆண்டு கென்னத் வில்சன் ஒரு வழி திறந்தார். வெளியையும் காலத்தையும் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் புள்ளிகளாக வைத்துக்கொள்வோம், புள்ளிகளில் குவார்க் இருக்கட்டும், இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டில் வன்விசையைச் சுமக்கும் குளூவான் இருக்கட்டும் என்றார்.

இதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பாடப்புத்தகமும் அல்ல. திருப்புட்குழியில் எங்கள் வீட்டு வாசல். புள் என்றால் பறவை. சடாயுவை இராமன் இங்கேதான் நல்லடக்கம் செய்தான் என்பது ஊரின் பெயரிலேயே இருக்கும் கதை. ஒரு மார்கழி விடியலில் என் அத்தை வாசலில் பெருமாள் கோயில் நினைவாக ஒரு பறவைக் கோலம் போட உட்கார்ந்தார். பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசை, நேர்ப்புள்ளி. உடல் வந்தது, சிறகு வந்தது. அலகுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. “அலகு ரெண்டு புள்ளிக்கு நடுவுல விழுந்துடுச்சுடா. புள்ளிய நெருக்கி வெச்சாத்தான் மூக்கு வரும்” என்று சொல்லிக்கொண்டே, புறங்கையால் மாவைத் துடைத்துவிட்டு, அதே வாசலில் பாதி இடைவெளிக்குப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். பதினைந்து வரிசை இருந்த இடத்தில் முப்பது வரிசை. அலகு வந்தது. மாவு நாலு மடங்கு செலவானது, பொழுதும் நன்றாகப் புலர்ந்துவிட்டது.

கனக் குவார்க்கின் சிக்கல் முழுவதும் அந்த அலகில் இருக்கிறது. ஒரு துகளின் நிறை கூடக் கூட அதன் அலை குறுகும். ஃபெர்மி என்பது ஒரு மீட்டரைக் கோடியால் வகுத்து, மறுபடி கோடியால் வகுத்து, வந்ததைப் பத்தால் வகுத்தால் கிடைக்கும் நீளம். புரோட்டானின் ஆரம் அதற்கும் சற்றுக் குறைவு. சார்ம் குவார்க்கின் இயல்பு நீளம் சுமார் 0.155 ஃபெர்மி, பாட்டத்துக்கு சுமார் 0.047 ஃபெர்மி. இன்று நல்ல தரமான புள்ளிவலை என்று சொல்லப்படுவதில் புள்ளிகளின் இடைவெளி 0.06 ஃபெர்மி. சார்ம் அதில் சிக்கிக்கொள்ளும். பாட்டம் இரண்டு புள்ளிக்கு நடுவே விழுந்துவிடும்.

நெருக்கிப் புள்ளி வைத்தால் ஆகாதா? வாசலுக்கு இரண்டு திசை. இங்கே காலத்தையும் சேர்த்து நான்கு. இடைவெளியைப் பாதியாக்கினால் புள்ளிகள் பதினாறு மடங்கு. வேலை அதைவிடவும் கூடும், ஏனென்றால் புள்ளி நெருங்க நெருங்க ஒரு நிலையிலிருந்து உண்மையிலேயே வேறான இன்னொரு நிலைக்குப் போகக் கணினி மேலும் மேலும் தடுமாறும். வலையைச் சிறிதாக்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இலேசான குவார்க்குகள் விரிந்து கிடப்பவை. பெட்டி மூன்று ஃபெர்மி அகலமாவது இல்லாவிட்டால் அவை சுவரில் முட்டும். விரிந்ததும் ஒடுங்கியதும் ஒரே கோலத்தில் வந்தாக வேண்டும்.

எண்ணிக்கையில் பார்த்தால் இதன் பாரம் தெரியும். பலரும் பயன்படுத்தும் ஒரு வலை: வெளியின் ஒவ்வொரு திசையிலும் 48 புள்ளி, காலத் திசையில் 144. பெருக்கினால் 1 கோடியே 59 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நான்கு கோடுகள் கிளம்பும். ஆக 6 கோடியே 37 லட்சம் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் 3-க்கு-3 கலப்பெண் அணி, அதாவது 18 எண்கள். மொத்தம் 114 கோடிக்கு மேல். இப்படி ஒரு முழு நிரப்பலைச் சேமித்து வைக்கவே சுமார் 9 கிகாபைட் வேண்டும். இது ஒரே ஒரு நிரப்பல். ஒரு நிறையைச் சொல்ல இப்படி நூற்றுக்கணக்கான நிரப்பல்கள் தேவை.

ஏன் நூற்றுக்கணக்கில்? வெற்றிடம் ஒரே நிலையில் இருப்பதில்லை. எண்ணிலடங்காத நிலைகளின் சராசரிதான் நாம் அளப்பது. அத்தனையையும் கூட்ட எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலை முறையைச் சொல்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் யாருடைய பெயர் வேண்டுமானாலும் குடத்துக்குள் போய்விட முடியாது. நிலம், சொந்த மனை, வயது, கல்வி என்று தகுதிகள் வரையறுக்கப்பட்டிருந்தன. புள்ளிவலைக் கணக்கின் குலுக்கலும் இதே இனம். குருட்டாம்போக்கில் எடுத்தால் ஒன்றுக்கும் உதவாத நிரப்பல்களே வந்துகொண்டிருக்கும். இயற்கை எந்த நிலைக்கு எவ்வளவு எடை தருகிறதோ அந்த விகிதத்தில் ஓலை வெளியே வரும்படி குடத்தை அமைப்பதில்தான் திறமை. 1987இல் நால்வர் சேர்ந்து உருவாக்கிய ஒரு குலுக்கல் முறையே இன்றும் அடிப்படை.

நிரப்பல்கள் கைக்கு வந்த பிறகு நிறையை எடுப்பது எப்படி? வலையின் ஒரு காலப்புள்ளியில் ஒரு துகளை ஊன்றுகிறோம். சில படிகள் தள்ளி அது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறோம். படிக்குப் படி அது மங்கிக்கொண்டே போகும். மங்கும் வேகமே நிறை. கனமான துகள் சீக்கிரம் மங்கும். அது இரைச்சலுக்குள் அமிழ்ந்து போவதற்குள் கணக்கை முடித்தாக வேண்டும். என் அனுபவத்தில் மாணவர்களுக்கு எளிதில் பிடிபடும் பகுதி இதுதான், கோயில் மணி அடித்து ஓயும் ஒலியை அளப்பது போல.

பாட்டம் குவார்க் புள்ளிக்கு நடுவே விழும் சிக்கலுக்கு நான்கு வகை வைத்தியம் உண்டு. அதை நகரவே நகராத கல்லாக, முடிவிலா எடையுள்ளதாக வைத்துக்கொண்டு, பிறகு திருத்தம் சேர்ப்பது ஒன்று. அது மெதுவாகத்தான் நகர்கிறது என்பதைப் பயன்படுத்தி, ஐன்ஸ்டைனின் சார்பியலைத் தவிர்த்த சமன்பாட்டில் ஓடவிடுவது இன்னொன்று. லெபாஜ் குழு 1990களின் தொடக்கத்தில் இதை வளர்த்தெடுத்தது. புள்ளிவலையின் பிழையையே சமன்பாட்டுக்குள் அளந்து ஏற்றுக்கொள்வது மூன்றாவது. 1997இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. நான்காவது, நேர்மையான கஷ்டமான வழி: சமன்பாட்டை மிக நயமாகச் சீர்செய்து, புள்ளியை நெருக்கி நெருக்கி வைத்து, பாட்டத்தையும் மற்ற குவார்க்குகளைப் போலவே நடத்துவது. ஒரே துகளுக்கு இந்த வழிகள் தனித்தனியே போய் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பதை நான் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன். வந்து சேராதபோது எந்த எண்ணும் நோட்டில் ஏறுவதில்லை.

கல்லாக நிற்கும் குவார்க்கின் கதை நம் பக்கத்திலேயே நடந்தது. திருப்புட்குழியிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் சென்னை தரமணி. 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் அங்கே இருக்கிறது. 2004இல் அந்த நிறுவனத்தில் என்.டி.ஹரிதாஸ் தலைமையில் ஒரு கணினித் தொகுப்பை எழுப்பினார்கள். இமயச் சிகரம் ஒன்றின் பெயரால் அதற்குக் ‘கப்ரு’ என்று பெயர். சந்தையில் கிடைக்கும் கணினிகள்தாம், 144 எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் இரண்டு செயலி. அவற்றை முப்பரிமாண வலையாகப் பின்னி இணைத்தார்கள். வினாடிக்கு ஒரு லட்சம் கோடிக் கணக்கு என்ற எல்லையைத் தொட்ட இயந்திரம் அது. 2004 ஜூனில் உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலிலும் இடம் பிடித்தது. அது கட்டப்பட்டதே புள்ளிவலைக் கணக்குக்காக.

ஹரிதாஸும் புஷன் மஜும்தாரும் அதில் ஒரு குவார்க்கையும் ஒரு எதிர்க்குவார்க்கையும் கல்லாக நிறுத்தி, இடையே உள்ள ஆற்றலைத் தூரத்துக்குத் தூரம் அளந்தார்கள். வன்விசை ஒரு கயிறு போல நடந்துகொள்கிறது என்பது பழைய எண்ணம். எவ்வளவு இழுத்தாலும் இழுவிசை குறையாது. தோராயமாகப் பதினைந்து டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுவை. ஆனால் உண்மையான கயிறு என்றால் அது அதிரவும் வேண்டும். அந்த அதிர்வு, தூரத்தோடு மாறும் ஒரு மிகச் சிறிய திருத்தத்தை ஆற்றலில் விட்டுச்செல்லும். அதன் அளவைக் கோட்பாடு முன்கூட்டியே சொல்லியிருந்தது. 2006இல் இவர்கள் வெளியிட்ட எண்கள் அந்தக் கயிற்றின் நடத்தையைக் காட்டின. கனக் குவார்க் இணை எதனால் கட்டுண்டிருக்கிறது என்பதைத் தரமணியில் ஒரு அறையில் ஓடிய இயந்திரம் தொட்டுக் காட்டியது என்பதில் எனக்குள்ள பெருமையை மறைக்க நான் விரும்பவில்லை.

நோட்டின் முதல் வரி பி.சி. மீசான். ஒரு பாட்டமும் ஒரு சார்மும் சேர்ந்தது, அவற்றில் ஒன்று எதிர்த்துகள். 1998இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் சி.டி.எஃப். குழு அதைப் பார்த்துவிட்டது; ஆனால் நிறையில் நூற்றுக்கணக்கான எம்.இ.வி. சந்தேகம் இருந்தது. 2004 இறுதியில் மூன்று புள்ளிவலைக் குழுக்கள் சேர்ந்து 6,304 எம்.இ.வி. என்று அறிவித்தார்கள், முன்னே பின்னே இருபது சொச்சம். சில மாதங்களுக்குள் சி.டி.எஃப். துல்லியமாக அளந்து 6,287 என்றது. இன்று ஏற்கப்பட்டிருக்கும் மதிப்பு சுமார் 6,274. அந்த முதல் கணிப்பின் பிழை எல்லையைக் கொஞ்சம் தாண்டி இறங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் ஆறாயிரத்தில் முப்பது.

இரண்டாவது வரி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அங்கே கணக்கு ஒரு சோதனையை எதிர்த்து நின்றது. 2002இல் செலக்ஸ் என்ற குழு, இரண்டு சார்ம் குவார்க்குள்ள பேரியானை, அதாவது மூன்று குவார்க் சேர்ந்த துகளை, கண்டதாக அறிவித்தது. நிறை 3,519 எம்.இ.வி. புள்ளிவலைக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டபோது பெரும்பாலான எண்கள் 3,600-ஐ ஒட்டியே விழுந்தன. 2014இல் பிரவுன், டெட்மோல்ட், மெய்னல், ஆர்கினோஸ் நால்வரும் கொடுத்த எண் 3,610, முப்பது சொச்சம் பிழையோடு. அளந்து பார்த்த சோதனை ஒரு பக்கம், கணினி சொல்லும் கணக்கு ஒரு பக்கம் என்றால் இயற்பியலில் யார் பேச்சை நம்புவது வழக்கம் என்று சொல்லத் தேவையில்லை. 2017 ஜூலையில் ஜெனீவாவின் எல்.எச்.சி.பி. குழு அதன் ஜோடித் துகளை 3,621 எம்.இ.வி.யில் கண்டது. அப், டவுன் மாறியதால் மட்டும் ஜோடிகளுக்குள் நூறு எம்.இ.வி. வித்தியாசம் வருமா என்று கேட்டால், அதற்கும் பதில் தயாராக இருந்தது. 2015இலேயே ஒரு ஐரோப்பியக் குழு அந்த வித்தியாசத்தைச் சுமார் 2 எம்.இ.வி. என்று கணக்கிட்டிருந்தது. செலக்ஸின் எண் நிற்கவில்லை.

மூன்றாவது வரி இந்தியாவினுடையது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நீல்மணி மாத்தூரும், அங்கே ஆய்வு மாணவராக இருந்து இன்று தரமணியில் பணிபுரியும் எம்.பத்மநாத்தும், வெளிநாட்டுக் கூட்டாளிகளோடு சேர்ந்து 2013இலேயே சார்ம் பேரியான்களின் கிளர்ந்த நிலைகளைக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். 2017 மார்ச்சில் எல்.எச்.சி.பி. குழு, ஒரு சார்மும் இரண்டு ஸ்ட்ரேஞ்சும் கொண்ட ஒமேகா-சி துகளின் ஐந்து புதிய நிலைகளை ஒரே அடியில் அறிவித்தது: 3,000 எம்.இ.வி.யில் தொடங்கி 3,119 வரை. நிறை தெரிந்தது, ஒவ்வொன்றின் சுழற்சி என்ன என்று சோதனைக்குத் தெரியவில்லை. அந்த ஆற்றல் பகுதியில் இவர்களின் கணக்கில் ஐந்து நிலைகள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. எது எந்தச் சுழற்சி என்று மாத்தூரும் பத்மநாத்தும் அதே ஆண்டில் எழுதினார்கள். ஐந்துக்கு ஐந்து என்று பார்த்த நாளன்று நான் நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

அடுத்த ஆண்டில் சோரவ் மண்டலும் சேர்ந்து, குறைந்தது ஒரு சார்மும் ஒரு பாட்டமும் கொண்ட துகள்களின் ஒரு முழுக் குடும்பத்துக்கும் அவர்கள் நிறை சொன்னார்கள். அந்தக் கட்டுரை வந்தபோது அதில் ஒரே ஒரு துகள்தான் சோதனையில் தெரிந்திருந்தது.

இதுவரை சொன்னவை வெற்றிகள். வெற்றிகளை மட்டும் நோட்டில் எழுதினால் அது விளம்பரம். சார்மும் ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்த டி.எஸ். மீசானுக்குள் இருக்கும் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஒரே இடத்தில் சந்தித்து அழிவதன் வாய்ப்பை அளக்கும் ஒரு எண் உண்டு. சிதைவு மாறிலி என்பார்கள். 2007இல் எச்.பி.கியூ.சி.டி. என்ற புள்ளிவலைக் குழு அதை 241 எம்.இ.வி. என்று, வெறும் 3 எம்.இ.வி. பிழையோடு அறிவித்தது. சோதனைகள் அப்போது 270-ஐ ஒட்டி நின்றன. இவ்வளவு இடைவெளியா, இது புதிய விசையின் அடையாளமோ என்று 2008இல் கட்டுரைகள் வந்தன. பிறகு நடந்தது என்னவென்றால், சோதனை எண் மெல்ல இறங்கியது, கணக்கு எண்ணும் ஏறியது. 2010இல் அதே குழு தன் மதிப்பை 248 என்று திருத்திக்கொண்டது. காரணம் குவார்க்கில் இல்லை, அளவுகோலில் இருந்தது. புள்ளிகளுக்கு இடையே எத்தனை ஃபெர்மி என்று நிர்ணயிக்க அவர்கள் பயன்படுத்திய நீளத்தின் மதிப்பு மாறிவிட்டது. துணி சரியாக நெய்யப்பட்டிருந்தது, அளந்த முழக்கோல் கொஞ்சம் பிசகியிருந்தது. இன்றைய மிகத் துல்லியமான மதிப்பு 249.9, பிழை அரை எம்.இ.வி.க்கும் கீழே.

இந்த நிகழ்ச்சியை நான் புள்ளிவலைக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே பிசகலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, பிறகு அந்தப் பட்டியலிலேயே தவறு என்று தெரிந்ததும் பகிரங்கமாகத் திருத்திய குழு அது. புள்ளி இடைவெளி, பெட்டியின் அளவு, குவார்க் நிறை, நிரப்பல்களின் எண்ணிக்கை, அளவுகோல் என்று ஒரு நல்ல கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் வரும் பிழை அட்டவணையைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். அது இல்லாத கட்டுரையில் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது எண்ணாகப் படுவதில்லை.

சிதைவுகளைப் பற்றி இன்னொரு சொல். பாட்டம் குவார்க் சார்மாக மாறும் வேகத்தைத் தீர்மானிக்கும் அடிப்படை எண் ஒன்று இருக்கிறது. அதை அறிய சோதனையின் அளவும் வேண்டும், புள்ளிவலையின் கணக்கும் வேண்டும். குறிப்பிட்ட ஒரு சிதைவை மட்டும் வைத்துக் கணித்தால் ஒரு மதிப்பு. எல்லாச் சிதைவுகளையும் ஒட்டுமொத்தமாக எடுத்தால் சில சதவீதம் கூடுதலான இன்னொரு மதிப்பு. பல ஆண்டுகளாக இந்த முடிச்சு அவிழவில்லை. இங்கே கணிப்பு வெறும் ஜோசியமல்ல, தராசின் ஒரு தட்டு. தட்டு ஒரு சதவீதம் கோணலாக இருந்தாலும் புதிய இயற்பியல் என்று நாம் ஏமாந்துபோவோம்.

கடினமான பகுதி இனிமேல்தான். இதுவரை பார்த்த துகள்களில் பெரும்பாலானவை வன்விசையால் உடையாமல் ஒற்றையாக நிற்பவை. நான்கு குவார்க், ஆறு குவார்க் கொண்ட துகள்கள் வேறு ரகம். அவை உண்மையிலேயே ஒரு துகளா, அல்லது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மீசான்களா என்பதே கேள்வி. பெட்டிக்குள் இரண்டு துகள்களை அடைத்து, அவற்றின் ஆற்றல் எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து அவற்றின் மோதலைப் படிக்கும் முறையை லூஷர் வகுத்துக் கொடுத்தார். அதை வைத்துத்தான் மேலே போகிறார்கள்.

2021இல் எல்.எச்.சி.பி. குழு டி.சி.சி. என்ற துகளை அறிவித்தது: இரண்டு சார்ம், இரண்டு இலேசான எதிர்க்குவார்க். இரண்டு மீசான்களாகப் பிரியும் எல்லைக்குக் கீழே அரை எம்.இ.வி.கூட இல்லாத ஆழத்தில் அது தொற்றிக்கொண்டிருக்கிறது. 2022இல் பத்மநாத்தும் ஸ்லோவேனியாவின் சாஷா பிரெலொவ்ஷெக்கும் புள்ளிவலையில் அதன் அடையாளத்தைக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் இருந்த பையான் (எல்லாவற்றிலும் இலேசான மீசான்), இயற்கையின் பையானைவிட இரண்டு மடங்கு கனம். சுமார் 280 எம்.இ.வி. அந்த நிலையில் துகள் கட்டுண்டதாக இல்லை, கட்டுண்ணும் தறுவாயில் இருந்தது. அடுத்த ஆண்டு வேறொரு குழு ஒரு ஓட்டையைச் சுட்டியது: இரண்டு மீசான்களுக்கு நடுவே ஒரு பையான் கைமாறுவதை லூஷரின் முறை அந்த ஆழத்தில் சரியாகக் கையாளாது. பத்மநாத்தும் பிரெலொவ்ஷெக்கும் புதிய கூட்டாளிகளோடு அந்தக் கைமாற்றத்தைக் கணக்கில் சேர்த்து மறுபடி செய்தார்கள். இங்கே என் நோட்டில் ஏற்ற வரி எதுவுமில்லை, சோதனை முந்திக்கொண்டது.

இரண்டு பாட்டம் உள்ள டி.பி.பி.யில் நிலைமை தலைகீழ். எல்லாக் குழுக்களும் அது ஆழமாகக் கட்டுண்டது என்கின்றன. எவ்வளவு ஆழம் என்பதில்தான் பேச்சு. 2017இல் ஒரு குழு 189 எம்.இ.வி. என்றது. 2019இல் ஜுன்னார்க்கர், மாத்தூர், பத்மநாத் மூவரும் 143 என்றார்கள், பெரிய பிழை எல்லையோடு. அதே ஆண்டு மற்றொரு குழு 128. 2023இல் இன்னொரு கணக்கு 112. எண் வருடத்துக்கு வருடம் இறங்குவதைப் பார்த்து நான் முதலில் கலங்கினேன். பிறகு கட்டுரைகளை அடுக்கி வைத்துப் படித்தபோது, துகளை ஊன்றிப் பார்க்கும் முறை கட்டுரைக்குக் கட்டுரை மாறியிருப்பது தெரிந்தது. துகள் உண்டு என்பதை நம்புகிறேன். ஆழத்தை இன்னும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு பாட்டம், ஒரு சார்ம் கொண்ட டி.பி.சி.யில் கருத்து வேறுபாடு இன்னும் கூர்மை. ஒரு குழு முதலில் அறிகுறி தெரிகிறது என்றது. 2020இல் பெரிய பெட்டியில் பார்த்தபோது ஆழமான கட்டு எதுவும் தெரியவில்லை என்று தானே சொன்னது. 2024இல் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டும் கட்டு உண்டு என்கின்றன. ஐரோப்பியக் குழு அது மிக ஆழமற்றது என்கிறது. பத்மநாத், அர்ச்சனா ராதாகிருஷ்ணன், மாத்தூர் மூவரும் சுமார் 43 எம்.இ.வி. ஆழம் என்கிறார்கள், கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் தாராளமான பிழையோடு. இரண்டில் ஒன்று பின்வாங்க வேண்டியிருக்கும், அல்லது இரண்டும் நடுவே எங்கோ சந்திக்கும்.

2023இல் மாத்தூர், பத்மநாத், தேவசுப்ர சக்ரவர்த்தி மூவரும் இன்னும் துணிச்சலான ஒன்றைக் கணித்தார்கள். மூன்று பாட்டம் கொண்ட பேரியான்கள் இரண்டு சேர்ந்தால், ஆறு பாட்டமுள்ள ஒரு துகள், சுமார் 81 எம்.இ.வி. ஆழத்தில் கட்டுண்டு நிற்கும். கன நீரில் இருக்கும் டியூட்டரானின் கட்டு வெறும் 2.2 எம்.இ.வி. ஆறு பாட்டத்தை ஒரே இடத்தில் பிறப்பிக்கும் சோதனை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. பிறகு ஏன் கணக்கிட்டார்கள் என்று ஒரு பழைய மாணவர் என்னைக் கேட்டார். இலேசான குவார்க் ஒன்றுமே ஊன்றப்படாததால் பெட்டியின் சுவரும் பையானின் எடையும் தொல்லை தராது. அணுக்கருவைக் கட்டும் விசை எங்கிருந்து வருகிறது என்பதை அங்கே கலப்படமில்லாமல் பார்க்கலாம் என்பது என் பதில்.

ஆகவே என் மதிப்பீடு இப்படி: வன்விசையால் உடையாத ஒற்றைத் துகளின் நிறை என்றால், பிழை அட்டவணையோடு வரும் கணிப்பை நான் சோதனையின் அளவுக்கே நம்புகிறேன். செலக்ஸ் கதைக்குப் பிறகு இதைத் தயங்காமல் சொல்லலாம். சிதைவுகளில் கணக்கு நம்பகமானது, ஆனால் நாம் அதனிடம் கேட்பது ஒரு சதவீதத்துக்கும் கீழான துல்லியம். அங்கே சரிபார்த்தல் ஓயக்கூடாது. பல குவார்க் துகள்களில் கணக்கு பாதி வழியில் நிற்கிறது. இருக்கிறதா இல்லையா என்பதற்குக் காது கொடுக்கலாம். எவ்வளவு ஆழம் என்பதற்கு இன்னும் பொறுக்க வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மும்பைக் குழுவின் இந்த அழகான முடிவுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் மில்க் கூட்டணி உருவாக்கிக் கொடையாகத் தந்த நிரப்பல்களின்மேல் கட்டப்பட்டவை. அவற்றின்மேல் குவார்க்கை ஓடவிட்டது இந்தியப் புள்ளிவலை ஆய்வாளர்களின் கூட்டமைப்பு வைத்திருக்கும் கிரே கணினி. உழைப்பும் யோசனையும் நம்முடையவை. குடமும் ஓலையும் அவர்களுடையவை. கொடையாகக் கிடைப்பதில் தவறில்லை, அறிவியல் அப்படித்தான் வளர்கிறது. ஆனால் பாட்டத்தைப் பிடிக்க எந்த இடைவெளி வேண்டும், பெட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்க, நிரப்பல்களை நாமே உருவாக்கும் அளவுக்கு இயந்திரம் வேண்டும். 2004இல் சந்தைக் கணினிகளைக் கோத்து ‘கப்ரு’வை எழுப்பியவர்களின் நாடு இது. அந்தத் துணிவுக்கேற்ற பண ஒதுக்கீட்டை இன்று கேட்பது பேராசையாகாது.

நோட்டில் கடைசியாக எழுதிய பக்கம் இது. இடப்பக்கத்தில் வரிசையாக: டி.பி.பி., 112 முதல் 189 வரை, பென்சிலில். டி.பி.சி., 43, அதன் அடியில் ‘மிக ஆழமற்றது’, இரண்டும் பென்சிலில். ஆறு பாட்டம், 81. வலப்பக்கத்தில் மூன்று வரிக்கும் நேராகத் தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.